யன்னலில் ஒரு பறவையும் ஒரு பிஸ்மியும்

கவிதைத் தொகுதி ஒன்று வந்தால் இந்தப் பக்கங்களில் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறோம். நாவலுக்கும் அப்படித்தான். ஒருவர் வீடு கட்டினால் மட்டும், குடிபுகும் நாளில் போய் "மாஷா அல்லாஹ், நல்லா ஈக்கு" என்று சொல்லி, வட்டிலப்பம் தின்றுவிட்டு வந்துவிடுகிறோம். வீடும் ஓர் ஆக்கம்தான். கவிதை பிடிக்காவிட்டால் மூடி வைக்கலாம். வீட்டுக்குள் முப்பது நாற்பது வருடம் சீவிக்க வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் அண்மையில் எழும்பிய ஒரு வீட்டின் யன்னல்களை மட்டும் எடுத்துப் பேசப் போகிறேன். வீட்டுக்காரர் என் சாச்சா மகன், நான் நானா என்று கூப்பிடுபவர். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, ஆனா உம்மா வாசிப்பாங்க எண்டு நெனச்சி எழுது" என்றார்.

நானா மெல்பேர்னில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். அங்கே பழைய வீடொன்றை உடைத்த இடத்தில் மூன்று லெட்லைட் பெனல்களை வாங்கி, பெட்டி அடித்துக் கொண்டுவந்தார். லெட்லைட் என்பது ஈயப்பட்டிகளில் கோத்த வர்ணக் கண்ணாடி. 1901இல் அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றாகி ஒரே நாடானதை ஒட்டிய காலத்து வீடுகளை அங்கே 'ஃபெடரேஷன்' வீடுகள் என்கிறார்கள். அவற்றின் வாசற் கதவிலும், கதவின் இரு பக்கத்து ஒடுங்கிய கண்ணாடிகளிலும் இந்த வேலை தாராளமாக உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த கைத்தொழில்தான். ஆனால் அங்கே வராட்டா என்ற சிவப்புப் பூவும், யூக்கலிப்டஸ் இலையும், கூக்கபரா என்ற பறவையும் அதற்குள் வந்து சேர்ந்தன. நானா கொண்டுவந்த ஒடுங்கிய இரண்டில் வராட்டாப் பூ. உயரமான ஒன்றில் கிளையில் இருக்கும் கூக்கபரா.

செய்முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் வருகிற வழக்கெல்லாம் அதிலேதான் தங்கியிருக்கிறது. ஈயப்பட்டியின் குறுக்குவெட்டு, படுக்க வைத்த 'எச்' எழுத்து மாதிரி. இரு பக்கத்துப் பள்ளத்திலும் கண்ணாடித் துண்டு புகும். பட்டிகள் சந்திக்கும் மூட்டுகளில் மட்டும் பற்றுவைப்பார்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயில் சோக்குத் தூளைக் குழைத்த கறுப்புப் பசையை இடுக்குகளில் தேய்த்து இறுக்குவார்கள். இதன் பெரிய குணம், திருத்த முடியும் என்பது. மூட்டை இளக்கி, ஈயத்தின் உதட்டை வளைத்து, ஒரே ஒரு துண்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். பக்கத்துத் துண்டுக்கு ஒன்றும் ஆகாது.

பெட்டியைத் திறந்த அன்றைக்கே சாச்சி பறவையைக் கண்டுவிட்டார். "மகன், உருவம் ஈக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க எண்டு உனக்குத் தெரியாதா?" நானாவுக்குத் தெரியும். ஆனால் அது நூறு வருடத்துக் கண்ணாடி, இதை எறிவதா என்று அவருக்கு வயிற்றெரிச்சல். வீட்டில் ஒரு கிழமை பேச்சுவார்த்தை இல்லை. இளைய தலைமுறை சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஆயிஷா நாயகியின் உருவத் திரை கிழிக்கப்பட்டு மெத்தைத் தலையணையானதையும், உருவம் வரைந்து பிழைத்தவருக்கு மரத்தையும் உயிரற்றதையும் வரையும்படி இப்னு அப்பாஸ் சொன்னதையும் ஓதி வளர்ந்தவர் சாச்சி. உருவத்தின் தலையை எடுத்துவிட்டால் அது மரம் போலாகிவிடும் என்று ஜிப்ரீல் (அலை) சொன்ன ஹதீஸும் இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னது எங்கள் பள்ளியின் வயதான லெப்பைதான்.

கொழும்பில் தேவாலய யன்னல்களைத் திருத்திப் பழகிய ஒருவர் அதைச் செய்துகொடுத்தார். லெட்லைட்டில் பறவையின் தலை தனித் துண்டு. அதை எடுத்துவிட்டு, இலைக்குப் போட்ட அதே பச்சையில் ஒரு துண்டை வைத்தார். அலகு இருந்த இடம் இலையின் நுனியாயிற்று. உடம்பின் கபிலத் துண்டுகள் கிளையின் முண்டாகிவிட்டன. இப்போது பார்க்கிறவருக்கு ஒரு மரக்கிளை தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இலை ஒன்று மற்ற இலைகளைவிடப் பெருத்திருப்பதும் தெரியும். இந்த வீட்டில் நடந்த மிகச் சிறந்த கலைத் தீர்மானம் இது என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். கைத்தொழிலின் விதியும் மார்க்கத்தின் விதியும் ஒரே துண்டுக் கண்ணாடியில் சந்தித்திருக்கின்றன.

வைத்த இடமும் சரி. நானா சுவர் எழும்ப முன்னரே அளவை மேசன் பாஸிடம் கொடுத்துவிட்டார். ஒன்பது அங்குலச் சுவரில், மாடிப்படி திரும்புகிற இடத்தில், கிழக்குப் பார்த்து அதற்கென்றே விட்ட இடைவெளி. அந்தப் பக்கம் கூரைத் தாழ்வாரம் ஒடுக்கம். மழைக்கும் காற்றுக்கும் முன்னால் ஒரு வெறும் கண்ணாடி, பின்னால் விரலளவு இடைவெளி விட்டு லெட்லைட். ஈயம் இளகிய உலோகம்; வருடக்கணக்கில் தன் பாரத்திலேயே தொய்யும். பெருங்காற்றை நேரே வாங்கவிட்டால் வயிறு தள்ளிவிடும். காலை ஏழு மணிக்குப் படிகளில் பச்சை விழுகிறது. ஒன்பதுக்கெல்லாம் போய்விடுகிறது. அவ்வளவு போதும்.

ஒடுங்கிய இரண்டையும் பற்றி அதிகம் இல்லை. அவை வீடு முடிந்த பிறகு ஹோலின் மேற்குச் சுவரை வெட்டி வைத்தவை. பக்கத்து வளவின் குசினி அந்தப் பக்கம் இருப்பதால், நெளிவுக் கண்ணாடி வெளிச்சத்தை விட்டுப் பார்வையை மறைக்கிறது. நல்லதுதான். புஸ்தாத்தில் காரிஜா (ரலி) மாடியறை கட்டியபோது, அங்கே ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையும் இல்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்திப் பார்க்கும்படியும், யன்னலால் அயலவர் வீடு தெரிந்தால் இடித்துவிடும்படியும் உமர் (ரலி) எழுதியதாக இப்னு அப்துல் ஹகம் பதிந்திருக்கிறார். யன்னலுக்கு நம்மிடம் இருந்த முதல் விமர்சன அளவுகோல் அதுதான்: அயலவரின் மானம். அந்தச் சோதனையில் இவை இரண்டும் தேறும். வெயிற் சோதனையில் தேறா. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் இருக்க முடியாது. திறக்கவும் முடியாது, காற்றும் இல்லை. சாச்சி இப்போது துப்பட்டித் துணியொன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறார். குளிர் நாட்டில், சாய்ந்த வெயிலுக்கு ஏங்கிச் செய்த பொருளை, உச்சி வெயில் நாட்டில் மேற்குச் சுவரில் பிறகு சொருகினால் இப்படித்தான் ஆகும்.

இனி வாசலுக்கு வருவோம். எனக்கு மனவருத்தம் இங்கேதான். பறவைச் சண்டை முடிந்ததும், "இது எல்லாம் வெள்ளக்காரன்ட வேலை, நம்மட எண்டு ஒண்டும் இல்லையா" என்று உறவினர் சிலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியே முழுச் சரியில்லை. வெள்ளிக் கலவையால் கண்ணாடியில் மஞ்சள் ஏற்றும் வித்தை ஐரோப்பிய யன்னல்களுக்கு வந்தது 1300ஐ ஒட்டித்தான். எகிப்தில் அதைக் கண்ணாடிப் பாத்திரங்களில் எட்டாம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். 773இல் அங்கே ஆளுநராக இருந்தவரின் பெயர் பொறித்த கிண்ணம் புஸ்தாத்தில் கிடைத்திருக்கிறது. ஆனாலும் நானா அந்தப் பேச்சுக்கு ஈடுகொடுக்க முடியாமல், வாசற் கதவுக்கு மேலே ஒரு பிஸ்மி பெனலைப் புதிதாகச் செய்வித்தார்.

பிஸ்மி என்பதால் அதைக் குறை சொல்லக்கூடாதென்று இல்லை. பிஸ்மி என்பதாலேயே சொல்ல வேண்டும். ஸுலுஸ் எழுத்தின் உயிர், பேனாவின் வெட்டு தருகிற தடிப்பிலும் மெலிவிலும் இருக்கிறது. ஈயப்பட்டி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு. ஆகவே எழுத்தைப் பச்சைக் கண்ணாடியில் வெட்டி இரு பக்கமும் ஈயக்கோடு ஓட்டியிருக்கிறார்கள். எழுத்துக்குக் கரை கட்டிய மாதிரி இருக்கிறது. அதோடு முடியவில்லை. பின்னணிக் கண்ணாடி ஒரே துண்டாக நிற்காது. அதைத் தாங்க எழுத்துகளுக்கு இடையில் மேலும் ஈயக்கோடுகள் வேண்டும். நேராக நிற்கும் அந்தக் கோடுகள் கண்ணுக்கு என்னவாகத் தெரியும்? அலிஃபாக. எழுதப்படாத மூன்று அலிஃபுகளை நான் எண்ணினேன்.

இன்னொன்று, கண்ணாடிக்கு முன்பின் இரண்டும் உண்டு. வருகிறவர் வாசிக்கட்டும் என்று வெளிப்பக்கம் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் வெளியே ஆறடி விராந்தை. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் எந்த வர்ணக் கண்ணாடியும் கறுப்புத்தான். நிழலில் இன்னும் கறுப்பு. உள்ளே இருக்கிறவர்களுக்கோ பகல் முழுக்க அல்லாஹ்வின் பெயர் இடம் வலம் மாறித் தெரிகிறது. இரவு விளக்குப் போட்டால்தான் அது பிஸ்மி. குடிபுகும் நாளில் பேசிய மௌலவி அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தை இந்த யன்னலோடு சேர்த்துப் பேசினார். மரியாதையோடு சொல்கிறேன், அந்த வசனத்தில் விளக்கு உண்டு, கண்ணாடி உண்டு, யன்னல் இல்லை. மிஷ்காத் என்பதை, வெளியே திறவாத சுவர் மாடம் என்றே முபஸ்ஸிர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். வாப்பும்மாவின் வீட்டில் குப்பி லாம்பு வைத்த மாடம் மாதிரி.

'இஸ்லாமிய' நட்சத்திரக் கோலம் போட்டிருக்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். அதிலும் சிக்கல் உண்டு. எட்டுமுனை நட்சத்திரத்துக்கு எட்டு உள்மூலைகள். கண்ணாடியை உள்நோக்கிய கூர்மூலையாக வெட்டினால் அந்த இடத்தில் கீறிப் போகும். எனவே நட்சத்திரத்தை நடு எண்கோணமாகவும் எட்டு முக்கோணங்களாகவும் உடைத்து ஈயம் ஓட்ட வேண்டும். நட்சத்திரம் கூண்டுக்குள் போய்விடும். யெமனின் ஸன்ஆ நகரத்து உயர்ந்த வீடுகளில் கமரிய்யா என்ற யன்னல்கள் உண்டு. பெயர் கமர், அதாவது சந்திரனிலிருந்து வந்தது. முன்பு அந்த இடத்தில் மெல்லிய எலபாஸ்டர் கல்லை வைத்தார்கள், அது நிலா வெளிச்சம் மாதிரிக் கசியவிடும். பிறகு ஜிப்ஸத்தைப் பலகையில் வார்த்து, இறுக முன்னர் கத்தியால் கோலத்தை வெட்டி, பின்புறம் வர்ணக் கண்ணாடியைப் பதித்தார்கள். அங்கே கண்ணாடியின் ஓரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் ஜிப்ஸம் மறைத்துவிடும். அதனால் எந்த நட்சத்திரமும் எந்தக் கொடியும் அதில் வரும். அந்தக் கோலம் ஜிப்ஸத்தின் பிள்ளை. ஈயத்துக்கு வேறு பிள்ளைகள். எழுத்துத்தான் வேண்டுமென்றால் சமர்கந்திலும் இஸ்ஃபஹானிலும் செங்கல்லிலும் ஓட்டிலும் அமைத்த சதுரக் கூஃபி இருக்கிறது. ஒரே தடிப்பு, நேர்கோடு. ஈயம் அதைச் சிரமமில்லாமல் சொல்லும். அதைக்கூட உட்சுவரில், ஒரே பக்கம் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும்.

'நம்மட' என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் அந்த வளவிலேயே இருந்தது. புது வீடு நிற்கிற இடத்தில்தான் வாப்பும்மாவின் வீடு நின்றது. ஒவ்வொரு கதவுக்கு மேலும் பலா மரச் சட்டம். நடுவில் காற்றுப் போக வெட்டுவேலை, இரு ஓரத்திலும் நீலமும் சிவப்புமாகச் சின்னச் சதுரக் கண்ணாடிகள். ஈயம் இல்லை, மரச் சட்டத்தில் ஆணி அடித்து நிறுத்தியவை. வெளிச்சம் வரும், காற்று வரும், உள்ளே இருக்கும் பெண்கள் வெளியே தெரியமாட்டார்கள். வீட்டை உடைத்த அன்று பழைய சாமான் வாங்க வந்தவர் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றோம், நானும் ஒருவன். ஒருவரும் ஒரு சட்டத்தையாவது வைத்துக்கொள்வோம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் மெல்பேர்னில் யாரோ ஒருவருடைய உடைந்த வீட்டின் கண்ணாடியை நானா விலை பேசியிருப்பார். இப்படிச் சொல்வது அவரைக் குத்துவதற்கல்ல. அங்கே அவர் காப்பாற்றியதை இங்கே நாங்கள் காப்பாற்றவில்லை.

அவரிடம் நேரே சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மாடிப்படி யன்னலைத் தொடவேண்டாம். மேற்கு யன்னல்களுக்கு மேலே சுவரைக் கொஞ்சம் வெட்டி மரச் சல்லடை வைத்தால் சூடு இறங்கும். பிஸ்மி பெனலை மரப்பட்டியும் திருகாணியும்தான் பிடித்திருக்கின்றன. தச்சு பாஸ் அரை மணித்தியாலத்தில் கழற்றிவிடுவார். அந்த இடைவெளி நாலரை அடிக்கு ஒன்றரை அடி. பலாப் பலகையில் வெட்டுவேலை தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரில் இன்னும் இருக்கிறார். நானா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கழட்டின பிஸ்மிய எங்க வெக்கிற?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சாச்சிதான் சொன்னார், "ஓதுற அறைக்கு உள்ளுக்கு, சுவரோட சாத்தி, பின்னால ஒரு லைட்டப் போடு."