மூக்கு யாருடையது?

ஸ்காட்ச் விஸ்கியின் மணத்தைப் பிரித்துச் சொல்லப் பரம்பரை வேணும், பணம் வேணும் என்பதாக ஒரு நினைப்பு நிலவுகிறது. கென் லோச் 2012இல் எடுத்த 'தி ஏஞ்சல்ஸ் ஷேர்' அதைக் கட்டுடைக்கிறது.

ராபி கிளாஸ்கோவின் வேலையில்லாத பொடியன். அடிதடி வழக்கில் சிறைக்குப் பதிலாகச் சமூகவேலைத் தண்டனை. மேற்பார்வையாளர் ஹாரிதான் அவனுக்கு முதல் மால்ட்டை ஊற்றித் தருகிறார். அப்புறம் மோ திருடிவந்த குட்டிப் பாட்டில்களே பாடப்புத்தகம். மோந்து மோந்துதான் ரசனை வருகிறது, பிறப்பால் அல்ல. அவன் மூக்கை மெச்சும் நிபுணராக நடிப்பவர் சார்லஸ் மக்லீன். நிஜத்திலும் அவர் விஸ்கி எழுத்தாளர்தான்.

ஏலக்காட்சிதான் படத்தின் உயிர். 1962இல் மூடிய மால்ட் மில் வடிசாலையின் ஒரே பீப்பாய். முந்தின ராத்திரியே இவர்கள் உறிஞ்சியெடுத்துவிட்டு வேறு சரக்கை ஊற்றி நிரப்பிவிட்டார்கள். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொட்டிக் கொடுத்தவர் ருசித்துப் பார்த்துப் பூரித்துப்போகிறார்! காசு கொடுத்த நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. மூக்கு உள்ள ராபிக்கு வேலை கிடைக்கிறது, குடும்பத்தோடு கிளாஸ்கோவைவிட்டுப் போகிறான். அந்த மூக்கு வாய்க்காத ஆல்பர்ட்டும் மோவும் ரைனோவும்? திறமை இருக்கிறவனுக்கு மட்டுந்தான் விடுதலையா? லோச் இந்த இடத்தைச் சிரிப்பாலேயே கடந்துவிடுகிறார்.