காவிரிக்கரையின் சிறார் நூல்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

தஞ்சையில் குழந்தைகளுக்கான நூல் என்பது நேற்று முளைத்த பயிரன்று. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) நிறுவிய அச்சகத்திலிருந்து 1806-ஆம் ஆண்டில் 'பாலபோத முக்தாவளி' என்னும் நூல் வெளிவந்தது. ஈசாப்பின் கதைகளை மராத்தியில் பெயர்த்துத் தந்த நூல் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1826-இல், தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தார். அதே பஞ்சதந்திரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பஹ்லவி மொழி வழியாக அரபுலகம் புகுந்து, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவர்களின் கையில் 'கலீலா வ திம்னா'வாக மலர்ந்ததை நாம் அறிவோம். கதைக்குக் குலமும் இல்லை, எல்லையும் இல்லை. பிள்ளைகள் இருக்குமிடமெல்லாம் அது போய்ச் சேர்ந்துவிடும்.

இப்பழஞ்செய்தியை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்திற்கென 'பால சாகித்திய புரஸ்கார்' விருதினை வழங்கி வருகிறது. தமிழுக்கான அவ்விருது அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் காவிரிப் படுகையைச் சேர்ந்த இருவருக்குக் கிடைத்தது. 2024-இல் பட்டுக்கோட்டைக்காரரான யூமா வாசுகி 'தன்வியின் பிறந்தநாள்' என்னும் கதைத் தொகுதிக்காகவும், 2025-இல் கும்பகோணத்தை அடுத்த விஷ்ணுபுரத்தைத் தம் பெயரின் முன்னே தாங்கிய விஷ்ணுபுரம் சரவணன் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்னும் நூலுக்காகவும் அதனைப் பெற்றனர். நெல் விளையும் மண்ணில் சிறார் எழுத்தும் விளைகிறது என்று மகிழலாம். ஆனால் இவ்விளைச்சல் நம் வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்ற கேள்வியையும் உடன் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

தமிழ்ச் சிறார் இலக்கியம் ஓர் இயக்கமாக உருப்பெற்றது அழ. வள்ளியப்பா அவர்களின் காலத்தில். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அன்றைய எழுத்தின் உயிர்நாடி பாட்டு. அதன் நோக்கம் நல்ல பிள்ளையை ஆக்குவது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 2021-இல், தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் உருவானபோது நிலத்தின் தன்மை மாறியிருந்தது. குழந்தைக்கு இனிப்பானவற்றை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் தளர்ந்து, குழந்தை நாள்தோறும் படும் பாட்டையும் சொல்லலாம் என்ற துணிவு பிறந்திருந்தது. 2020-ஆம் ஆண்டின் விருதினைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இத்துணிவுக்குத் தக்க சான்று. சிறுமியர் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் இந்நாவலில் மரப்பாச்சி பொம்மை வாய் திறந்து பேசுகிறது. இது வேடிக்கைக்காகச் சேர்த்த மாயமன்று. பெரியவர்களிடம் சொல்ல நா எழாத குழந்தை, பொம்மையிடம்தானே பேசும்? கற்பனை இங்கே தன் இருப்புக்கு உரிய நியாயத்தோடு வருகிறது. 2023-இல் விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியின் தொன்மையை இளையோர் நாவலாக்கியது. அகழாய்வு அறிக்கை எட்டாத இடத்துக்கு ஒரு களிமண் பொம்மை எட்டிவிடும் என்பதை அதன் ஆசிரியர் அறிந்திருக்கிறார்.

விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' அளவில் மிகச் சிறியது. பள்ளிச் சிறுவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வண்ணக் கயிறு சாதியின் அடையாளமாகிவிடும் அவலமே அதன் பொருள். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024-இல் அளித்த அறிக்கை, பள்ளிகளில் இத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அரசின் அறிக்கை பெரியவர்களிடம் பேசிய செய்தியை, இச்சிறு நூல் பிள்ளைகளிடம் பேசுகிறது. தடை கயிற்றை அறுக்கலாம். கட்டிக்கொள்ளும் ஆசையை அறுப்பதற்குக் கதைதான் வேண்டும்.

யூமா வாசுகியின் வழி வேறு. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், குடிகாரத் தந்தையின் வன்முறையில் சிதையும் பிள்ளைகளைப் பற்றி 'ரத்த உறவு' என்னும் நாவலை எழுதியவர். குழந்தைமையின் காயத்தை அத்துணை அருகில் நின்று பார்த்தவர், பின்னர் குழந்தைகளுக்கே எழுதத் தொடங்கினார். மலையாளத்திலிருந்து சிறார் நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். இவ்விரண்டையும் வெவ்வேறு பணிகளாக எண்ணத் தோன்றவில்லை. முன்னது வழக்கு, பின்னது நட்டஈடு எனலாம். ஓ.வி. விஜயனின் நாவலை அவர் 'கசாக்கின் இதிகாசம்' எனத் தமிழில் தந்து, மொழிபெயர்ப்புக்கான அகாதெமி விருதினையும் பெற்றார். அந்நாவலின் கசாக், இராவுத்தர்கள் வாழும் பாலக்காட்டுச் சிற்றூர். அங்கே அல்லாப்பிச்சா மொல்லாக்காவின் ஓத்துப்பள்ளிக்கும் ரவியின் ஓராசிரியர் பள்ளிக்கும் இடையே பிள்ளைகளைப் பற்றிய இழுபறி நிகழ்கிறது. அது நம் வாசகர்கள் சிந்தனைக்குரியது. இரு பள்ளிகளும் பிள்ளைகளைத் தம் பக்கம் இழுக்கின்றன. பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதோ, எப்போதும் போல், கடைசியாகக் கேட்கப்படும் கேள்வியாகிறது.

இப்புதிய எழுத்தில் குறையே இல்லையா? உண்டு. சிக்கல் முந்திக்கொண்டு வர, பாத்திரம் பின்தங்கிவிடும் இடங்களை இன்றைய சிறார் கதைகளில் பரவலாகக் காணலாம். முன்பு 'நல்ல பிள்ளை'யை வார்த்த அச்சில் இப்போது 'விழிப்புள்ள பிள்ளை'யை வார்க்கிறார்கள். அச்சு மாறவில்லை, ஊற்றும் உலோகம்தான் மாறியிருக்கிறது. எந்தப் பிழையும் செய்யாத, எதற்கும் பொறாமைப்படாத, பெரியவர்களைவிடத் தெளிவாகப் பேசும் சிறுமி ஒருத்தி கதைக்குக் கதை வந்துபோகிறாள். அவளோடு விளையாட எந்தக் குழந்தைக்கும் மனம் வராது.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழ் இளையோர் மிகுதியாக வாசித்த கதைகளுள் ஒன்று ஒரு முஸ்லிம் சிறுமியின் பெயரைத் தாங்கியது: இரா. நடராசனின் 'ஆயிஷா'. அறிவியல் வகுப்பில் கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் ஆயிஷா, வலியை உணராதிருக்க ஒரு வேதிப்பொருளைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்து உயிரிழக்கிறாள். ஆசிரியை ஒருவர் தாம் எழுதிய அறிவியல் நூலுக்கு வரையும் முன்னுரையாக அமைந்த இக்கதையைப் படித்துவிட்டுப் பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர்கள் இருக்கக்கூடும்.

இதைப் படிக்கும்போதெல்லாம், பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ளான்' நினைவுக்கு வருகிறது. ஆளரவமற்ற தீவில் பெண்மானால் வளர்க்கப்படும் சிறுவன் ஹய்யு, அம்மான் இறந்ததும் அதன் உடலை அறுத்துப் பார்க்கிறான். எது பிரிந்ததால் தன் தாய் அசைவற்றுப் போனாள் என்பதே அவன் தேடல். அக்கேள்வி அவனைப் படிப்படியாகப் படைத்தவனிடம் கொண்டு சேர்க்கிறது. ஹய்யும் ஆயிஷாவும் ஒரே குலத்துப் பிள்ளைகள். இருவரும் சோதித்து அறியத் துணிந்தவர்கள். ஆசிரியரே இல்லாத தீவில் ஒருவன் மெய்யறிவை எய்தினான். ஆசிரியர்கள் நிறைந்த பள்ளியில் ஒருத்தி மாண்டுபோனாள். கேள்வி கேட்கும் பிள்ளையைப் போற்றிய இலக்கியம் நம் மரபுக்குச் சொந்தம் என்பதை நாமே மறந்துவிட்டோம்.

ஆயினும் ஆயிஷாவின் கதைக்களம் வகுப்பறை. அவள் வீட்டு முற்றம் அன்று. தஞ்சை வட்டாரத்து முஸ்லிம் பிள்ளையின் முற்றத்தை யார் எழுதுவது? ராஜகிரியிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல்கடந்து சம்பாதிக்கப் போனார்கள். தந்தையைத் தொலைபேசியின் குரலாகவே அறிந்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அத்தர் மணக்கும் பெட்டியோடு ஒருவர் வாசலில் வந்து நிற்க, அவரைக் கண்டு அழுதுகொண்டே உம்மாவின் பின்னால் ஒளியும் நான்கு வயதுக் குழந்தை, எந்த நாட்டுச் சிறார் இலக்கியத்துக்கும் பெருமை சேர்க்கும் பாத்திரமாகும். சிந்திக்க ஆளில்லாமல் கிடக்கிறது அந்தக் கதை.

நாம் பிள்ளைகளுக்கென எழுதியவை பெரும்பாலும் வரலாற்றுச் சுருக்கங்களும் அறிவுரைகளுமே. அவை தேவையற்றவை என்பது கருத்தன்று. தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம் அவர்கள் 'வாழ்க்கையில் வெற்றி' போன்ற நூல்களால் சமய எல்லை கடந்து தமிழ் இளைஞர் ஒரு தலைமுறைக்கே ஊக்கமூட்டினார்கள். ஆனால் அறிவுரையும் ஒரு கலை. திருமறையில் லுக்மானுல் ஹகீம் தம் மகனுக்கு உபதேசிக்கும் பகுதியை நோக்குங்கள். அன்பு கனிந்த விளிச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. கடுகின் வித்தும் பாறையும் கண்முன் வைக்கப்படுகின்றன. பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, பொருளைக் காட்டிப் பேசும் பேச்சு அது. நம் சிறுவர் நூல்களில் பலவோ மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் பேசுகின்றன.

நோன்பு மாதத்தில் ஊருக்குச் சென்றிருந்தபோது, உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தியிடம் இந்நூல்களுள் இரண்டைக் கொடுத்தேன். ஆறாம் வகுப்புப் படிப்பவள். இரண்டு நாட்களில் படித்து முடித்துவிட்டு வந்து கேட்டாள்: "மாமா, இத எழுதுனவங்க எப்ப மவுத்தானாங்க?" பாடநூலில் ஆசிரியர் குறிப்பு என்றாலே பிறப்பும் இறப்பும்தான் என்று அவள் கண்டிருக்கிறாள். எழுதியவர் உயிரோடிருக்கிறார், நம் பக்கத்து ஊர்க்காரர் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நோன்பு தொறக்க நம்ம வீட்டுக்குக் கூப்பிடலாமா? உம்மாட்ட சொல்லி வாடா போடச் சொல்றேன்" என்றாள்.

படைப்பாளிகளைப் பிள்ளைகள் நேரில் சந்திப்பது குறித்து ஏட்டில் எழுதலாம். அச்சிறுமி அதனை ஓர் அழைப்பாகவே சுருக்கிவிட்டாள். எழுத்தாளர் என்பவர் உயிருள்ள மனிதர், நம் வீட்டுக் கஞ்சியைக் குடிக்கக்கூடியவர் என்று அறியும் பிள்ளைதான் தானும் எழுதலாம் என எண்ணத் துணியும். இன்று சிறாருக்கு எழுதுவோரில் பலர் கதைசொல்லிகளாகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்று வருகின்றனர். நம் ஜமாஅத்துகள் நடத்தும் பள்ளிகளின் ஆண்டுவிழா மேடைகளில் பெருமக்களுக்குச் சால்வை போர்த்தும் நேரத்தில் அரைமணியை அவர்களுக்கு ஒதுக்கினால் போதும். மக்தப் போட்டிகளில் வெல்லும் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தட்டோடு ஒரு கதைப்புத்தகமும் கொடுத்தால் செலவு பெருகிவிடாது. அவ்வாறு வரும் எழுத்தாளரும் நம் தெருவைக் காண்பார். நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பார். அவர் எழுதும் அடுத்த கதையில் ஒரு ஆயிஷாவுக்கு வீடும் முற்றமும் கிடைக்கக்கூடும்.

அதுவரை காத்திராமல், அம்முற்றத்திலேயே வளர்ந்த ஒருத்தி எழுதத் தொடங்குவாளானால் இன்னும் நல்லது. முதலில் அவள் கையில் புத்தகம் இருக்க வேண்டும். அதனை வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.