பழைய புல்லட்டுக்குப் புது ஷாக்

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350-க்கு கேஸ் ஷாக் மாட்டலாமா? விற்பவர்களைக் கேட்டால், மாட்டியதும் குண்டும் குழியும் தெரியாது என்பார்கள். பழமையைப் போற்றுகிறவர்களோ, அசல் ஷாக்கைக் கழற்றினாலே வண்டி கெட்டது என்பார்கள்.

பழமை வாதம் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. 1948-இல் இங்கிலாந்தில் புல்லட்டின் முன்மாதிரி களமிறங்கியபோது, பின்சக்கரத்தை ஏந்தி, எண்ணெய் ஷாக்குகள் தாங்கிய ஸ்விங் ஆர்ம்தான் அதன் பெரிய புதுமை. கரடுமுரடான போட்டிகளுக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங்கே கூடாது என்று பலர் நம்பிய காலம் அது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் கோப்பை வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டும் ஓடியது. பின்பக்கச் சஸ்பென்ஷனால் பெயர் வாங்கிய வண்டிக்கு அதையே மேம்படுத்துவது எப்படித் துரோகமாகும்?

விற்பவர்களின் வாதத்தில் பாதி உண்மை. மேடுபள்ளத்தில் வேகமாக, நெடுநேரம் ஓடினால் ஷாக்கின் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்காது. கேஸ் ஷாக்கில் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் அந்த நுரையைத் தடுக்கிறது. ஆனால் 18 குதிரைத்திறன் வண்டியில் அறுபது, எழுபதில் போகிறவருக்கு அந்த நிலை வருவதே அபூர்வம். அவருக்கு உண்மையில் தேவைப்படுவது தன் எடைக்குப் பொருந்திய ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங் வந்துவிட்டால் எந்த வாயுவும் முதுகைக் காப்பாற்றாது. அடியிலுள்ள வளையத்தைத் திருகினாலும் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. இருக்கையின் உயரம்தான் மாறும்.

பணத்தை எடுக்கும் முன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்விங் ஆர்மின் பின்முனையை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். பிவட் அருகே டக் டக்கென்று தட்டினால் புஷ் தேய்ந்திருக்கிறது. வளைவில் பின்பக்கம் நெளிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழி மட்டும் ஷாக்கின் தலையில் விழுகிறது. புஷ்ஷை மாற்றாமல் விலையுயர்ந்த ஷாக் மாட்டுவது வீண் செலவு.

நீளத்தில்தான் எனக்குச் சமரசமே இல்லை. வேறு வண்டியின் ஷாக்கை, ‘கொஞ்சம் உயரமாக இருந்தால் கம்பீரம்’ என்று மாட்டிவிடுகிறார்கள். புல்லட்டின் இரு சக்கர மையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1,370 மில்லிமீட்டர். பின்பக்கம் 20 மில்லிமீட்டர் உயர்ந்தால் வண்டி முழுவதும் 0.8 டிகிரி முன்னால் சாயும். முன் ஃபோர்க் அந்த அளவுக்குச் செங்குத்தாகும். புல்லட்டின் பெருமையான நேர்கோட்டு நிதானம் குறையும். செயினின் தொய்வு மாறும், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் பின்சக்கரம் தரையை உரசக்கூடும்.

ஆகவே என் தீர்ப்பு: எண்ணெய் கசியாத அசல் ஜோடியைத் தொடவேண்டாம். கசிந்து, பிரித்துச் சீர்செய்யவும் வழியில்லை என்றால் தயங்காமல் மாற்றலாம். கண்ணுக்குக் கண் அளவு, அதாவது ஷாக்கின் இரு முனைத் துளைகளுக்கும் இடையிலான நீளம், அசலோடு ஒத்திருக்கவேண்டும், நீங்கள் உட்கார்ந்ததும் மொத்த அசைவில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை அமுங்கவேண்டும். இரண்டும் பொருந்தினால் கேஸ் இல்லாத சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும். பொருந்தாவிட்டால் எவ்வளவு பெயர்பெற்ற ஷாக்கானாலும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.