கூண்டில் நின்றவள் ஒருத்தி மட்டுமே!

1881-ஆம் ஆண்டு, சூரத்து நகரத்திலே ஒரு வழக்கு. விஜயலட்சுமி என்ற பார்ப்பனக் கைம்பெண், பெற்ற சிசுவைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. தூக்கு என்பது தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாயிற்று. பின்னர் ஐந்தாண்டாகச் சுருங்கிற்று. உயிர் பிழைத்தது. ஆனால், 'பாரீர், பெண்ணின் ஒழுக்கத்தை!' என்று ஏடுகள் எக்காளமிட்டன.

குழந்தைக்குத் தாய் உண்டெனில் தந்தையும் உண்டன்றோ? அவனை எந்த ஏடு ஏசிற்று?

இந்தக் கேள்வியைக் கனலாக்கி, அடுத்த ஆண்டே, 1882-இல் மராத்தியில் வெளிவந்த நூல்தான் தாராபாய் சிந்தே தீட்டிய 'ஸ்திரீ புருஷ துலனா'. பெண்ணையும் ஆணையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடும் சிற்றேடு. எழுதியவர் கல்லூரி காணாதவர். மகாத்மா பூலேயின் சத்திய சோதக இயக்கத்தைச் சார்ந்தவர்.

இந்நூலின் சிறப்பு யாது? அது கெஞ்சவில்லை. 'பாவம், பேதை, மன்னித்துவிடுங்கள்' என்று கண்ணீர் வடித்திருந்தால் கனவான்கள் கைதட்டியிருப்பர். தாராபாய் கணக்குக் கேட்கிறார். பெண்மீது நீ சுமத்தும் குற்றங்களில் எது உன்னிடம் இல்லை என்று ஆணைக் கேட்கிறார். அவர் சிசுக்கொலைக்குப் பரிந்து பேசவில்லை. கொலைக்குத் தள்ளியவரையும் கூண்டிலேற்று என்கிறார். 1856-இலேயே கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் ஒப்பிவிட்டது. ஒப்பாதது சாதி, ஒப்பாதது சாத்திரம். மணக்கவும் வழியில்லை, பெற்றால் வாழவும் வழியில்லை என்றால், அந்தக் குழந்தையின் கழுத்தை நெரித்த கைகள் எத்தனை?

பூலேயும் சாவித்திரிபாயும் 1863-இல் பூனாவில் இதற்கு விடையைச் செயலாகவே காட்டினர். கருவுற்ற கைம்பெண்கள் அச்சமின்றிப் பிள்ளை பெறத் தம் வீட்டைத் திறந்தனர். அவ்வாறு பிறந்த ஆண்மகவு ஒன்றைத் தம் மகனாகவே வளர்த்தனர். தூக்குக்கயிறு காக்காத குழந்தையைத் திறந்த கதவு காத்தது!

நூலிலே குறையும் உண்டு. சமுதாயத்தைச் சாடிய அளவுக்குச் சட்டத்தை அது துருவவில்லை. அந்தப் பணி நம்முடையது.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1624-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகாத தாய் தன் குழந்தையின் சாவை மறைத்தால், அது செத்தே பிறந்தது என அவள் மெய்ப்பிக்காவிடில் கொலைகாரி, தண்டனை மரணம்! 1803-இல் அக்கொடுமை நீங்கிற்று. 1922, 1938-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மேலும் முன்னேறின: மகப்பேற்றின் விளைவால் மனம் நிலைகுலைந்த தாய், ஓராண்டு நிரம்பாத தன் குழந்தையைக் கொன்றால், அது கொலைக்குக் கீழ்ப்பட்ட தனிக்குற்றம்.

அதே ஆங்கிலேயர் 1860-இல் நமக்கு அளித்த தண்டனைச் சட்டத்தில் இப்படியொரு பிரிவு இல்லை. பிறந்த குழந்தையைக் கொன்ற தாய்மீது கொலைப் பிரிவான 302. குழந்தையைக் கைவிட்டால் 317. பிணத்தை மறைத்துப் பிறப்பை ஒளித்தால் 318. அச்சட்டம் போய், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்தது. 302, 103 ஆயிற்று. 317, 93 ஆயிற்று. 318, 94 ஆயிற்று. எண் மாறிற்று; எண்ணம் மாறவில்லை!

'இரக்கம் காட்டினால், பெண்குழந்தையைக் கொல்வோர் தப்புவரே' என்பர் சிலர். நியாயமான அச்சமே. 1992-இல் தமிழ்நாடு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த நிலையை நாம் மறக்கவில்லை. ஆனால், வரதட்சணைக் கணக்குப் போட்டுக் குடும்பமே கூடித் திட்டமிடும் கொலை வேறு. பேறுகாலத்தில் மனம் சிதைந்தவளின் செயல் வேறு. இரண்டையும் பிரித்தறியத்தானே சட்டம்? முன்னதில் கணவனையும் மாமியையும் சேர்த்துப் பிடிக்கட்டும். பின்னதில் மருத்துவரின் கருத்தைக் கேட்கட்டும்.

தோழர்களே, தாராபாயின் நூலைத் தேடிப் படியுங்கள். படித்தபின், சிசுக்கொலைச் செய்தி கண்ணில் படும்போதெல்லாம், 'தாய் கைது' என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். மற்றவர்கள் எங்கே என்று கேளுங்கள்!