குப்பைத் தொட்டியும் பேரரசும்

நாகரிகம் கற்பிக்க வந்தோம் என்றது பிரெஞ்சுப் பேரரசு. அல்ஜீரியாவின் கபீலிய மலைநாட்டில் அது கொடுத்தது என்ன? பசி! 1939 ஜூன் திங்களில், 'அல்ஜே ரெப்புப்ளிக்கேன்' நாளேட்டில், 'கபீலியாவின் வறுமை' எனும் தொடர் கட்டுரைகள் வழியே அதை அம்பலப்படுத்தியவர் ஆல்பெர் காம்யு. அன்று அவருக்கு வயது 25.

திசி ஊசு நகரிலே, விடியற்காலையிலே, குப்பைத் தொட்டியின் எச்சத்திற்காகக் கந்தலுடுத்த சிறுவர் நாய்களோடு போராடுவதைக் கண்டார், எழுதினார். கண்ணீரோடு நின்றாரா? இல்லை! கூலியைக் கேட்டார், தானியத்தைக் கணக்கிட்டார், பள்ளிகளின் பற்றாக்குறையைக் காட்டினார். நாளெல்லாம் உழைத்தவனுக்கு 6 முதல் 10 பிராங்குதான் கூலி! "கபீலியருக்குத் தேவை குறைவு" என்ற ஆதிக்கவாதியின் வாதத்தை இழிவானது என்று சாடினார். விதியின் மேல் பழி போடாத இந்த எழுத்தை நாம் போற்றுகிறோம்.

ஆயினும் ஒரு குறை. நல்ல கூலி கேட்டார், பள்ளி கேட்டார். எல்லாம் பிரெஞ்சுக் கொடியின் நிழலிலேயே! 1960-இல் மறையும்வரை முழு விடுதலையை அவர் ஏற்கவில்லை. 1962-இல் அல்ஜீரியா அதை வென்றெடுத்தது.

கபீலியப் பள்ளியாசிரியர் மூலூத் பெரவூன், தம் மக்களின் வறுமையை 'ஏழையின் மகன்' எனும் நாவலாக 1950-இல் தந்தார். பிரெஞ்சு ஆதிக்க வெறியரின் இரகசியப் படை 1962 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றது.

இளைஞர்களே! இருவரையும் படியுங்கள். பிறர் பசியை எழுதப் புகுவோர் காம்யுவிடம் கணக்கைக் கற்கட்டும். பசித்தவன் தானே பேசும்போது, பெரவூனுக்குச் செவிகொடுப்பதுபோல் செவிகொடுக்கட்டும்!