தெருவைப் பார்த்து வண்டியை ரசிப்பது

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் பிரான்காச்சோவுக்கு யாரும் கார் பார்க்கப் போவதில்லை. மாஃபியாவுக்கு எதிராகப் பேசிய பாதிரியார் பினோ புலீசி 1993 செப்டம்பர் 15 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பேட்டை என்றுதான் உலகம் அதை அறியும். கார் பைத்தியங்கள் டூரின், மரனெல்லோ ஊர்களின் கார் அருங்காட்சியகங்களுக்குப் போய், மின்விளக்கின் கீழ் மினுங்கும் வண்டிகளைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அங்கே வண்டி இருக்கும், தெரு இருக்காது. பூட்டு இல்லாத இடத்தில் சாவியைப் பார்த்து எதைப் புரிந்துகொள்வது? ஒரு வண்டியின் பொறியியலை ரசிக்க வேண்டுமென்றால் அது எந்தத் தெருவுக்குப் பதில் சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குதிரைத்திறன், திரையின் அளவு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆப்பேயிலிருந்து தொடங்கலாம். நம் ஊர் ஷேர் ஆட்டோக்களில் பார்க்கும் அதே பெயர். இத்தாலிய மொழியில் ஆப்பே என்றால் தேனீ. சிசிலிக்காரர்கள் தங்கள் பேச்சில் ‘லாப்பா’ என்பார்கள், அதுவும் தேனீதான். போர் முடிந்து, லாரி வாங்க வசதியில்லாத நாட்டில், 1948-ல் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் கோத்தது. 125 சிசி எஞ்சின், 200 கிலோ சரக்கு. பலேர்மோவில் இன்றும் காய்கறியும், தக்காளியும் வெங்காயமும் பரப்பிய ஸ்பின்சோனே என்னும் தடித்த ரொட்டியும் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு இந்த வண்டியில்தான் வருகின்றன. ஐயோ எவ்வளவு பழசு என்று உருகுவது ரசனையில் சேராது. ஆப்பே 50 ஒரு சந்துக்குள் திரும்புவதைக் கவனியுங்கள். அகலம் 1.26 மீட்டர். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் ஹேண்டில்பாரை ஓரம்வரை ஒடித்தால், நின்ற இடத்திலேயே சுற்றுவதுபோல் வண்டி வளைந்துவிடும். அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் தெரியும்: கொஞ்சம் வேகமாக ஒடித்தால் உள்பக்கப் பின்சக்கரம் தூக்கப் பார்க்கும், ஓட்டுபவர் தோளைச் சாய்த்து அதை அமுக்குவார். வண்டியின் குணம், ஆளின் பழக்கம், சந்தின் அகலம் மூன்றும் அந்த ஒரு திருப்பத்தில் தெரிந்துவிடும்.

பிரான்காச்சோவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே 40 கிலோமீட்டருக்குள் டெர்மினி இமெரேஸெ. பியட் நிறுவனம் 1970-ல் அங்கே திறந்த ஆலையில்தான் பழைய பியட் 500-ன் கடைசி வண்டி 1975 ஆகஸ்டில் இறங்கியது. தாந்தே ஜகோஸா வடிவமைத்து 1957-ல் வந்த அந்தக் கார் மூன்று மீட்டரைக்கூட எட்டாது, 2.97 தான். எடை சுமார் 500 கிலோ, எஞ்சின் 479 சிசி, சக்தி 13 குதிரை. இந்த எண்களைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அதன் கியர்பெட்டியைக் கேளுங்கள். வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது, கியரை இறக்கும்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரைத் தட்டி, பற்சக்கரங்களின் வேகத்தைக் காதால் ஒப்பிட்டுப் போட வேண்டும். தவறினால் கர்ரென்று கடிக்கும். அரைகுறையாக ஓட்டுபவரை அந்த வண்டி தெருவுக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. பிரான்காச்சோக்காரர்கள் சின்ன வண்டி ஓட்டுவது கையில் காசில்லாததால். அவர்கள் இல்லாமையைப் பார்த்து அழகு என்று எழுதுவது வயிறு நிறைந்தவன் வேலை. ஏழ்மையில் அழகில்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சிறிதாகச் செய்வது காசில்லாதவர்களின் வேலை மட்டும்தானா? அதே டெர்மினியைத் தாண்டினால் மதோனியே மலை. வின்சென்ஸோ புளோரியோ 1906-ல் தொடங்கிய தர்கா புளோரியோ பந்தயம் அங்கேதான் நடந்தது: செர்தா, கொலேசானோ ஊர்களின் வீட்டு வாசலை உரசிக்கொண்டு 72 கிலோமீட்டர் சுற்று, பெரும்பாலும் வளைவு. 1970-ல் போர்ஷேயிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஆண்டு லெ மான் பந்தயத்தை வென்ற 917 அவர்களிடம் இருந்தது, 550 குதிரைக்கும் மேல். ஆனாலும் தர்கா புளோரியோ போன்ற வளைவுப் பந்தயங்களுக்காக 908/03 என்று தனியாக ஒரு வண்டி செய்தார்கள்: 350 குதிரை, எடை 550 கிலோவுக்குள். அதுதான் வென்றது. பணத்துக்குப் பஞ்சமில்லாத பந்தயக் குழுவும் சிசிலித் தெருவிடம் வந்தபோது, காய்கறிக்காரர் வந்து சேர்ந்த முடிவுக்கேதான் வந்தது.

தெருவோடு பொருந்துவதற்கு இன்னொரு முகமும் உண்டு. 500-க்கு அடுத்து வந்த பியட் 126, யார் கண்ணிலும் படாத அளவுக்குச் சாதாரணமான கார். 1992 ஜூலை 19 அன்று, மாஃபியா வழக்குகளை விசாரித்த நீதிபதி பாவ்லோ பொர்செலினோவையும் ஐந்து பாதுகாவலர்களையும் கொல்ல வெடிமருந்து நிரப்பி நிறுத்தப்பட்டது அந்த 126 தான். அதைத் திருடியதையும், தேய்ந்த பிரேக்கைச் சரிசெய்ய வைத்ததையும் பிரான்காச்சோ கும்பலைச் சேர்ந்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்து 2008-ல் ஒப்புக்கொண்டார்.

இனி புதிய வண்டிகள். பழசு நல்லது, புதுசு கெட்டது என்று நான் சொல்ல வருவதாக நினைத்தால் அவசரம். மின்சாரத்தால் ஓடும் புதிய பியட் 500-ன் எடை சுமார் 1,300 கிலோ, பாரம் பேட்டரியில். ஆனால் நீளம் 3.63 மீட்டரோடு நிற்கிறது, பால்கனித் துணிகளுக்குக் கீழே புகை விடாமல் போகிறது. தெருவைக் கேட்டுச் செய்த வண்டி. டெர்மினி ஆலையில் கடைசிக் காலத்தில் செய்யப்பட்ட லான்சியா யிப்சிலோனில் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின் இருந்தது. 2007-லிருந்து நம் மாருதி ஸ்விப்டில் ஓடியதும் அதுவேதான். ஒரே எரிப்புக்கான டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் பல சிறு தவணைகளாகப் பிரித்துத் தெளிக்கும் நுட்பம். பழைய டீசலின் தடதடப்பு அடங்கி, மைலேஜ் ஏறியது. அதை வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நல்ல நுட்பம் அப்படித்தான், தன்னைக் காட்டிக்கொள்ளாது.

தன்னைக் காட்டிக்கொள்ளவே வரும் நுட்பம் தொடுதிரை. ஏசியைக் குறைக்கத் திருகு இருந்தால் கை தானாகப் போகும், கண் சாலையில் இருக்கும். வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் ஏது? குழியில் வண்டி குதிக்கும்போது திரையிலுள்ள ஏசி படத்தைத் தொட்டுப் பாருங்கள், பக்கத்துப் படம்தான் அமுங்கும். ஐரோப்பாவின் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் அடிப்படைச் செயல்களுக்குப் பொத்தான் வைக்காத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அகலக் கணக்கு இன்னும் மோசம். ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களின் சராசரி அகலம் 2018-ல் 177.8 சென்டிமீட்டர், 2023-ன் முதல் பாதியில் 180.3. பிரான்காச்சோவின் சந்து அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு விரற்கடைகூட அகலமாகவில்லை.

பெரிய வண்டிதானே உயிரைக் காக்கும் என்பார்கள். இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது: அதே யூரோ என்கேப் 2018-ல் பியட் பாண்டாவுக்குச் சுழியம் நட்சத்திரம் கொடுத்தது. ஆனால் 3.55 மீட்டர் நீளமுள்ள பியட் 500, 2007-ல் அன்றைய சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. பாண்டாவிடம் குறைந்தது உருவமல்ல, காலத்தோடு புதுப்பித்த வேலை. வழுக்கும் சக்கரத்தைத் தனியாகப் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு எந்தச் சின்ன வண்டியிலும் அடங்கும். இரண்டு டன் எடை அதற்குத் தேவையில்லை. அந்த இரண்டு டன் காப்பாற்றுவது உள்ளே இருப்பவரை, இடித்தால் வாங்கிக்கொள்வது எதிரே வருபவர்.

இதைப் பழகப் பலேர்மோவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. ஆப்பேயை இத்தாலியில் செய்வதை நிறுத்தியாயிற்று, இப்போது மகாராஷ்டிரத்தின் பாராமதியில்தான் செய்கிறார்கள். கோயம்பேடு சந்தைக்கு விடியுமுன் போய் நில்லுங்கள். நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் ஒன்று தக்காளிப் பெட்டிகளோடு பின்னோக்கி வரும். எந்த மூலையில் பெயின்ட் உரிந்திருக்கிறது, பின்பலகையைக் கட்டியிருப்பது தாழ்ப்பாளா கயிறா என்று பாருங்கள். ஓட்டுநர் கண்ணாடியை நம்பாமல் கதவைப் பாதி திறந்து, தலையை வெளியே நீட்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கை வளைத்தபடி இரண்டு லாரிகளுக்கு நடுவில் வண்டியைச் செருகுவார். இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் மிச்சம் என்று விரலால் அளந்துகொள்ளுங்கள்.