குரலை வைத்து ஒரு சாம்ராஜ்யம்

நடிகர் எம்.ஆர். ராதாவின் பேச்சு எழுந்தால் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கரகரப்பைப் பேசிக் காட்ட ஒருவர் கிளம்பிவிடுவார். மிமிக்ரி மேடைகள் அந்தக் குரலைப் பரப்பின. கூடவே அது வெறும் சேட்டை என்ற எண்ணத்தையும் பரப்பிவிட்டன. அந்தக் குரலுக்குள் நுட்பமான ஒரு நடிப்பு முறை இருந்தது. 1954-இல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் வந்த 'ரத்தக்கண்ணீர்' அதற்குச் சாட்சி. முதல் பாதியில் ராதா நடித்த மோகனுக்குக் கோட்டு, சூட்டு, மிடுக்கான நடை எல்லாம் உண்டு. தொழுநோய் வந்ததும் முகம், விரல், பார்வை என ஒரு நடிகனின் கருவிகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. வேறொருவர் இந்த இடத்தில் அழுது அனுதாபம் தேடியிருப்பார். ராதா தன் நிலையைத் தானே கேலி செய்கிறார். அடித்தொண்டையில் தொடங்கும் வசனம் நடுவில் கீச்சென்று உச்சிக்கு ஏறும், மறுநொடி முனகலாய் விழும். ஏறும்போது பழைய பணக்காரத் திமிர் தெரியும், விழும்போது பிச்சைக்காரன் தெரிவான். ஒரே வாக்கியத்துக்குள் ஒரு மனிதனின் இரண்டு காலங்கள்!

இது நாடகத்தனம், சினிமாவுக்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்பார்கள். திருவாரூர் தங்கராசு எழுதிய அந்தக் கதையை ராதா முதலில் மேடையில்தான் நடித்தார் என்பது உண்மை. சிறுவயதிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். கடைசி வரிசைவரை குரல் எட்டியாக வேண்டிய பயிற்சி அது. ஆனால் மேடை அவருக்குத் தந்தது சத்தம் மட்டுமல்ல. பெரியாரின் கருத்துகளைச் சொன்ன அவர் நாடகங்களுக்குத் தடைகளும் கலாட்டாவும் வந்தன. கூட்டத்திலிருந்து எழுந்த குரலுக்கு நாடகத்துக்குள்ளேயே பதில் சொன்னவர் அவர். எதிராளி வாய் மூடுவதற்குள் சொல்லை வீசும் அந்த வேகம் அங்கே பழகியதுதான். படங்களில், அடுத்தவர் வசனத்துக்கு அடியில் வாய்க்குள்ளேயே அவர் முணுமுணுக்கும் சொற்களைக் கவனியுங்கள். மைக் இல்லாவிட்டால் அவை யார் காதிலும் விழுந்திருக்காது. சினிமாவின் பலத்தை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

எல்லாப் படத்திலும் ஒரே குரல்தானே என்ற குறையில் நியாயம் உண்டு. அறுபதுகளில் அவசரமாக எழுதப்பட்ட வில்லன் வேடங்கள் பலவற்றை அந்தக் குரல் ஒன்றே தூக்கிச் சுமந்தது. ஆனால் 'பாகப்பிரிவினை'யில் குடும்பத்தைப் பிரிக்கும் சிங்காரத்திடம் அது உறவுக்காரரின் குழைவோடு வருகிறது. 'பாவ மன்னிப்பு' ஆளவந்தாரிடம் கௌரவம் பூசிய கொடூரமாகிறது. 1967 ஜனவரி 12 அன்று ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட சம்பவத்துக்குப் பின் இந்த வித்தியாசங்களைப் பேசவே ஆளில்லை. நடிப்பை அளக்க வேண்டிய இடத்திலும் வழக்குதான் அலசப்பட்டது.

குரலை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் 1962-இல் வந்த 'பலே பாண்டியா'வின் கச்சேரிப் பாடலைப் பார்க்க வேண்டும். ஜதி சொல்லும் குரல் எம். ராஜுவுடையது. பக்கத்தில் சிவாஜி. இரவல் குரலுக்குக் கழுத்தையும் கையையும் உதட்டையும் தாளம் பிசகாமல் ஓடவிட்டு, சிவாஜி பாடும்போதும் நம் கண்ணைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்கிறார் ராதா.